யாரும் அறியாத பழைய கைக்கடிகாரம்: அசல் என்று எதை வைத்துச் சொல்வது?

திருகோணமலையில் பழைய கைக்கடிகாரம் ஒன்று விலைக்கு வந்தால் அதனுடன் ஒரு கதையும் சேர்ந்தே வரும். "எங்கட அப்பப்பா டொக்யார்ட்டில வேலை செய்தவர். வெள்ளைக்காரத் துரை கப்பலேறேக்க கழற்றிக் குடுத்திட்டுப் போனது" என்று விற்பவர் சொல்வார். பிரித்தானியக் கடற்படை 1957 வரை இந்தத் துறைமுகத்தைத் தளமாக வைத்திருந்ததும், அங்கே உள்ளூர்வாசிகள் பலர் வேலை பார்த்ததும் உண்மை. ஆகையால் அந்தக் கதையை எடுத்த எடுப்பிலேயே பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கதை உண்மையாக இருக்கக்கூடும் என்பதற்கும், கையில் இருக்கும் கடிகாரம் அந்தக் கதைக்குரியதுதான் என்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது.

இந்தத் தூரத்தைக் கடப்பது பற்றி நம்மிடையே உலவும் கருத்துகள் பெரும்பாலும் தவறானவை. நன்றாக ஓடினால் அசல் என்கிறார்கள். மலிவான மெஷினும், அதாவது கடிகாரத்தை ஓட்டும் உள்ளியந்திரமும், ஒழுங்காக எண்ணெய் இட்டால் நன்றாகவே ஓடும். டயல் மங்கிப் போயிருந்தால் பழையது என்கிறார்கள். மங்க வைப்பது கடினமான வேலையே அல்ல. எல்லாவற்றிலும் பரவலான தவறு, பெயரை இணையத்தில் தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காவிட்டால் அது போலி என்று முடிவு கட்டுவது. உண்மை ஏறத்தாழ நேர்மாறானது. போலி செய்பவருக்குப் பிரபலமான பெயர்தான் தேவை. ஒருவருக்கும் தெரியாத பெயரைப் போலியாக அச்சிடுவதில் அவருக்கு இலாபம் இல்லை.

ஆகவே "இந்தப் பெயர் அசலா?" என்ற கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டு வேறு இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தக் கடிகாரத்தின் பாகங்கள் ஒன்றுக்கொன்று இசைகின்றனவா? அவை சேர்ந்து காட்டும் காலம், விற்பவர் சொல்லும் காலத்துடன் பொருந்துகிறதா? இந்தக் கட்டுரை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான்.

ஒரு ராலிச் சைக்கிளை எடுத்துக்கொள்வோம்

நம் வீடுகளில் ஒரு காலத்தில் நின்ற ராலிச் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். நொட்டிங்ஹாமில் செய்யப்பட்டு வந்த அந்தச் சைக்கிளின் டயர், ட்யூப், சங்கிலி, பிரேக் கட்டை எல்லாம் பலமுறை மாற்றப்பட்டிருக்கும். அதனால் அது ராலி இல்லை என்று எவரும் சொல்வதில்லை, ஏனெனில் அவை தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள். ஆனால் 1950ஆம் ஆண்டுச் சைக்கிள் என்று விற்கப்படுவதன் பின் சக்கர நடுவில் உள்ள ஸ்டேர்மி ஆர்ச்சர் கியரில் 62 என்று ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தால், சட்டகம் பழையதாகவும் சக்கரம் பின்னர் வந்ததாகவும் இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு மூன்று சைக்கிள்களின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருந்தால் அது இன்னொரு நிலை. எங்கோ செய்த சட்டகத்துக்குக் கறுப்புப் பூசி ராலிச் சின்னத்தை ஒட்டியிருந்தால் அது முற்றிலும் வேறு நிலை.

கைக்கடிகாரத்திலும் இதே படிநிலைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகும். தேய்ந்ததற்காக, அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றால் மாற்றப்பட்டது பதிலீட்டுப் பாகம். வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைக் கூட்டி ஒன்றாக்கியது கலவைக் கடிகாரம். சேகரிப்பாளர்கள் இதை 'ஃபிராங்கன்' என்பார்கள். பழைய டயலைச் சுரண்டி மீண்டும் வண்ணமிட்டு எழுத்துகளை அச்சிட்டிருந்தால் அது மறுபூச்சு டயல். தன்னைச் செய்யாத ஒரு தயாரிப்பாளரின் பெயரை ஏமாற்றும் நோக்கத்துடன் தாங்கி நிற்பது மட்டுமே போலி. நம் ஊரில் 'டுப்ளிகேட்' என்ற ஒரே சொல்லுக்குள் இந்த நான்கையும் போட்டுவிடுவதால்தான் பேச்சு குழம்புகிறது.

டயலில் உள்ள பெயர் யாருடையது?

அடுத்ததாக விளங்கிக்கொள்ள வேண்டியது சுவிட்சர்லாந்தில் கடிகாரங்கள் செய்யப்பட்ட முறை. ஒரு நிறுவனமே எல்லாவற்றையும் செய்து, தன் பெயரைப் பொறித்து விற்றது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஓரிரு பெரிய நிறுவனங்களைத் தவிர, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அப்படி நடக்கவில்லை. மெஷினை ஒரு தொழிற்சாலை செய்தது. வெளிக்கூடான கேஸை இன்னொன்று, டயலை மற்றொன்று, முட்களை வேறொன்று. இவற்றை வாங்கி, பொருத்தி, ஓட்டம் சரிபார்த்து, தன் பெயரையோ வாங்குபவர் கேட்ட பெயரையோ டயலில் அச்சிட்டு அனுப்பியவர் ஐந்தாமவர்.

பொருத்தி முடிக்கப்படாத நிலையில் விற்கப்பட்ட அடிப்படை மெஷினுக்கு 'எபோஷ்' என்று பெயர். கிரென்ஹன் நகரின் ஏ. ஷில்ட், 1793இல் தோன்றிய ஃபொன்டைன்மெலோன் முதலிய தொழிற்சாலைகள் இவற்றைப் பெருமளவில் செய்தன. 1926இல் இவை போன்றவை இணைந்து எபோஷ் எஸ்.ஏ. என்ற கூட்டு நிறுவனமாயின. ஆகவே டயலில் ஒரு பெயரும் உள்ளே ஏ. ஷில்ட் மெஷினும் இருப்பது ஐயத்துக்குரிய விடயமே அல்ல. அந்தக் காலத்து நடுத்தர விலைக் கடிகாரத்தின் இயல்பான நிலை அதுதான்.

வாங்கி விற்றவரின் பெயரே டயலில் நிலைத்துப்போனதற்கு நம் பக்கத்து உதாரணம் வெஸ்ட் எண்ட் வொட்ச் கம்பெனி. 1886இல் பம்பாயில் தொடங்கிய அந்தப் பெயர் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட கடிகாரங்களைத் தாங்கி இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் பரவியது. பெரிய பெயருக்கே இப்படி என்றால், சிறிய இறக்குமதியாளர்கள் ஒரு சில பெட்டிகளுக்கு மட்டும் தம் பெயரை அச்சிடச் சொன்ன கடிகாரங்களைப் பற்றி எந்தப் பட்டியலிலும் ஒரு வரிகூட இல்லாமல் போவதில் வியப்பில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தையும் கவனிக்க வேண்டும். சில நிறுவனங்கள் தம் மெஷினைத் தாமே செய்தன. சொலோதூர்ன் நகரின் ரோமர் அவற்றுள் ஒன்று; அதன் 1950கள், 1960கள் காலத்துக் கடிகாரங்களுக்குள் பெரும்பாலும் எம்.எஸ்.டி. என்ற குறியுடைய சொந்த மெஷினே இருக்கும். அத்தகைய ரோமர் டயலின் பின்னால் ஏ. ஷில்ட் மெஷின் இருந்தால் அங்கே விளக்கம் கேட்க வேண்டும்.

சுருக்கமாக: பெயர் தெரியாதது குற்றமன்று, பெயரும் மெஷினும் வெவ்வேறாக இருப்பதும் குற்றமன்று. அந்தப் பெயருக்கு அந்த மெஷின் வரக்கூடியதா என்பதே கேள்வி.

பின்மூடியைத் திறந்த பிறகு

பின்மூடியைத் திறப்பதை மணிக்கூடு திருத்துபவரிடமே விட்டுவிடுங்கள். வீட்டில் கறிக் கத்தியால் நெம்பித் திறந்த கடிகாரங்களின் விளிம்பில் அந்தக் கத்தியின் வடு காலத்துக்கும் நிற்கும்; அதைவிட மோசமானது, கத்தி வழுக்கி பலன்ஸ் சக்கரத்தில் பட்டுவிடுவது. பலன்ஸ் சக்கரம் என்பது இங்கும் அங்குமாக ஆடி நேரத்தை அளக்கும் மெல்லிய சக்கரம். மெஷினை அடையாளம் காட்டும் குறி பெரும்பாலும் அதன் கீழேயே, அடித்தட்டில் பொறிக்கப்பட்டிருக்கும்: செய்தவரின் சின்னம் ஒன்று, அருகில் இரண்டு முதல் நான்கு இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அந்த எண்ணைக் 'கலிபர்' என்பார்கள். டயலில் உள்ள பெயர் எங்கும் கிடைக்காவிட்டாலும் கலிபர் எண் அநேகமாகக் கிடைத்துவிடும். அது எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டது, அச்சுகளைத் தாங்கும் கல் எத்தனை, எவ்வளவு விட்டம் என்பவற்றையும் அதன் வழியே அறியலாம்.

இந்த இடத்தில் ஒரு தர்க்கத்தைப் பழகிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு பாகமும் 'இந்த ஆண்டுக்கு முந்தியதாக நான் இருக்க முடியாது' என்ற எல்லையைத் தன்னுள் வைத்திருக்கிறது. பலன்ஸ் அச்சை அதிர்ச்சியிலிருந்து காக்கும், யாழ் வடிவச் சிறு வில் கொண்ட இன்காப்லொக் அமைப்பு 1930களில் வந்தது. அது உள்ள மெஷினை முதலாம் உலகப் போர்க் காலத்தது என்று சொல்ல முடியாது. கேஸின் உட்புறத்தில் சுவிஸ் சிலுவையுடன் காப்புரிமை எண் இருந்தால், கேஸ் அந்தக் காப்புரிமைக்கு முந்தியதாக இருக்க இயலாது. உள்ளே பற்றரியில் ஓடும் குவார்ட்ஸ் மெஷின் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது: குவார்ட்ஸ் கைக்கடிகாரம் முதன்முதலில் கடைக்கு வந்தது 1969 டிசம்பர் 25இல், சைக்கோ அஸ்ட்ரோன் என்ற பெயரில். இப்படிக் கிடைக்கும் எல்லைகளுள் மிகப் பிந்தியது எதுவோ, அதுவே அந்தக் கடிகாரம் இன்றுள்ள வடிவத்துக்கு வந்த காலத்தின் தொடக்க எல்லை.

காலம் பொருந்தினாலும் உடல் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கடிகார மெஷின்களின் விட்டத்தை லீன் என்ற பழைய பிரெஞ்சு அளவில் சொல்வார்கள்; ஒரு லீன் ஏறத்தாழ 2.26 மில்லிமீற்றர், எனவே பரவலாக வழங்கிய 10½ லீன் மெஷின் சுமார் 23.7 மில்லிமீற்றர் விட்டமுடையது. தனக்கென்று செய்த கேஸில் மெஷின் ஆடாமல் அமரும். ஓரத்தில் கடதாசியோ பிளாஸ்திக் துண்டோ செருகி இறுக்கியிருந்தால், அந்த மெஷினுக்கு அது பிறந்த வீடு அன்று.

இன்னும் நம்பகமான சான்று சாவி கொடுக்கும் குமிழின் தண்டில் இருக்கிறது. அந்தத் தண்டு கேஸின் பக்கத் துளை வழியாக நேராக உள்ளே போக வேண்டும். மெஷின் வேறு கேஸிலிருந்து வந்ததென்றால் அதன் தண்டு சற்று மேலேயோ கீழேயோ அமையும். அதைச் சமாளிக்கத் துளையை அரத்தால் அராவி முட்டை வடிவமாக்கியிருப்பார்கள், அல்லது குமிழ் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமலேயே இதைக் காணலாம், ஆனாலும் விற்பனைப் படங்களில் இந்தக் கோணத்தைக் காட்டுவோர் மிகக் குறைவு. குமிழ் மட்டும் புதியதாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அது சைக்கிளின் பிரேக் கட்டைக்குச் சமம்.

பின்மூடியின் உட்புறத்தைச் சாய்த்த வெளிச்சத்தில் பாருங்கள். ஊசியால் கீறிய சிறு எண்களும் எழுத்துகளும் தெரியும். அவை திருத்தியவர்கள் தங்கள் கணக்குக்காக இட்ட குறிகள். சிலர் திகதியையும் சேர்த்தே கீறினார்கள். தங்கத்தில் செய்த கேஸ் என்றால் அரசாங்க முத்திரைகளும் இருக்கும்: சுவிஸ் 18 கரட்டுக்கு ஹெல்வேஷியா என்ற பெண்ணின் தலை, 14 கரட்டுக்கு அணில். 'மைக்ரோன்' என்ற சொல் பொறிக்கப்பட்டிருந்தால் அது தங்கம் பூசியது. தங்கத்தின் விலை கேட்பவரிடம் அதைக் காட்டினால் போதும்.

டயல்: பணமும் பொய்யும் சேரும் இடம்

பழைய கடிகாரத்தின் விலையில் பெரும்பங்கு டயலுக்கே என்பதால் திருத்தம் அதிகம் நடப்பதும் அங்கேதான். மறுபூச்சு எல்லாமே ஏமாற்று அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முன்னைய தலைமுறைக்குக் கைக்கடிகாரம் நேரம் பார்க்கும் கருவி. டயல் கறுத்துப் போனால் கடையில் கொடுத்துப் புதிதாக்கி வாங்கினார்கள். அந்த நேர்மையான மறுபூச்சை, தொட்டும் பாராத அசல் டயல் என்ற பெயரில் இன்று விற்பதே பிரச்சினை.

பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியுடன் டயலின் கீழ்விளிம்பிலிருந்து தொடங்குங்கள். ஆறு மணிக்குக் கீழே 'சுவிஸ்' அல்லது 'சுவிஸ் மேட்' என்ற மிகச் சிறிய எழுத்துகள் நிமிடக் கோடுகளுக்கு நடுவே அளவாக அமர்ந்திருக்க வேண்டும். மறுபூச்சில் அவை காணாமல் போயிருக்கும், அல்லது இடம் தவறி மேலேறியிருக்கும். அடுத்து நிமிடக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடருங்கள். தொழிற்சாலை அச்சில் கோட்டின் முனை கூர்மையாகவும் மையின் தடிப்பு எங்கும் ஒரே மாதிரியாகவும் இருக்கும்; ஒட்டிய உலோக மணிக்குறிகளின் நடுவில் ஐந்தாவது நிமிடக் கோடு சரியாக வந்து சேரும். மறுபூச்சில் இந்தச் சேர்க்கை எங்காவது ஓரிடத்தில் தப்பும். பன்னிரண்டில் சரியாக இருந்த கோடு நான்கை அடையும்போது அரைக் கோட்டளவு விலகி நிற்கும். பெயரின் எழுத்துகளில் மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒரே தடிப்பாகி, வளைவுகளுக்குள் மை நிரம்பியிருக்கும்.

சிறு செக்கன் வட்டம் உள்ள டயலில் இன்னுமொரு சான்று உண்டு. அந்த வட்டம் சற்றுக் குழிவாக, ஒன்றுக்குள் ஒன்றாக நுண்ணிய வளையங்கள் பொறிக்கப்பட்டதாக இருக்கும். மீண்டும் பூசும்போது வண்ணம் அந்த வளையங்களுக்குள் இறங்கி அவற்றை மூடிவிடுகிறது. வட்டம் இருந்து வளையங்கள் மழுங்கியிருந்தால் மேலே ஒரு பூச்சு கூடுதலாக ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

டயலைக் கழற்றினால் மட்டுமே தெரியும் ஒன்றும் இருக்கிறது. டயலின் பின்புறத்தில் டயல் கால்கள் எனப்படும் இரண்டு மெல்லிய ஊசிகள் உண்டு. அவை அடித்தட்டின் துளைகளுக்குள் இறங்கி, பக்கவாட்டுத் திருகுகளால் பிடிக்கப்படுகின்றன. அந்தத் துளைகளின் இடம் கலிபருக்குக் கலிபர் வேறுபடும். ஆகவே வேறு மெஷினுக்குரிய டயலைப் பொருத்த விரும்புபவர் கால்களை வெட்டிவிட்டுப் பசையால் ஒட்ட வேண்டியிருக்கும். வெட்டிய கால்களின் அடையாளமும் பசையும் தெரிந்தால், மேற்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த டயல் அந்த மெஷினுடன் பிறக்கவில்லை.

நம் ஊரின் காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கடலோர ஈரமும் உப்பும் கடிகாரத்துக்குள் நுழையும் முதல் வழி குமிழின் துளை. அதனால் தண்டும் அதைச் சுற்றியுள்ள உருக்குப் பாகங்களும் முதலில் துருப்பிடிக்கும், அதற்கு நெருக்கமான டயலின் மூன்று மணிப் பக்கம் கறை பிடிக்கும். உவர்மலையிலோ கிண்ணியாவிலோ அறுபது வருடம் அலுமாரியில் கிடந்தது என்று சொல்லப்படும் கடிகாரத்தின் தண்டு துருவேறியிருக்க, டயல் மட்டும் நேற்று அச்சிட்டது போலப் பளிச்சென்று இருந்தால், இரண்டும் ஒரே காற்றைச் சுவாசிக்கவில்லை.

இணையத்தில் மலிவு விலைக்குக் கிடைக்கும், கடும் நீலத்திலும் சிவப்பிலும் டயல் கொண்ட 'பழைய சுவிஸ்' கடிகாரங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அவற்றின் உள்ளே உண்மையான பழைய மெஷின் இருக்கக்கூடும். டயல் புதிது, முட்கள் அகப்பட்டவை. நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொடாமல் பாதி வழியில் நிற்பதே பெரும்பாலும் போதிய சாட்சி.

சுருக்கமாக: எழுத்தின் கூர்மை, கோடுகளின் சேர்க்கை, கால்களின் நிலை, கறையின் இடம் ஆகிய நான்கும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் பிசகினால் காரணம் தேடலாம். இரண்டு பிசகினால் மறுபூச்சு என்றே கொள்ளலாம்.

இருட்டில் ஒளிர்வது

முட்களிலும் எண்களிலும் பூசப்பட்ட ஒளிரும் பொருள் காலத்தைச் சொல்லும் மற்றொரு சாட்சி. 1960கள் வரை பெரும்பாலும் ரேடியம் கலந்த பூச்சும், அதன் பிறகு 1990களின் பிற்பகுதி வரை ட்ரிட்டியம் கலந்த பூச்சும் வழங்கின. அதற்குப் பின் வெளிச்சத்தை உறிஞ்சி ஒளிரும், கதிரியக்கமற்ற பூச்சு வந்தது. ட்ரிட்டியம் உள்ள டயல்களில் பெரும்பாலும் 'சுவிஸ்' என்ற சொல்லுக்கு அருகே ஆங்கில 'டீ' எழுத்து இருக்கும். டோர்ச் வெளிச்சத்தைச் சில விநாடிகள் காட்டி அணைத்த பின் இருட்டில் நெடுநேரம் பிரகாசமாக ஒளிர்ந்தால் அந்தப் பூச்சு அண்மைக் காலத்தது. உண்மையான பழைய பூச்சு அநேகமாக இருண்டே கிடக்கும்.

இருண்டு கிடப்பதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணக் கூடாது. ட்ரிட்டியத்தின் கதிரியக்கம் 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது; ரேடியத்துக்கோ பாதியாக 1,600 ஆண்டுகள் வேண்டும். ஒளி மங்கியதற்குக் காரணம் ரேடியத்துடன் கலந்திருந்த துத்தநாக சல்பைட் சிதைந்துபோனதுதான். ரேடியம் அப்படியே இருக்கிறது. போர்க்காலத்தது என்று ஐயப்படும் டயலை நகத்தால் சுரண்டுவதும், ஊதித் துடைப்பதும், பிள்ளைகள் இருக்கும் அறையில் கழற்றுவதும் கூடாது. அந்தத் தூசி உடலுக்குள் போவதே கேடு.

அம்புக்குறியும் கடற்படைக் கதையும்

இனி முதலில் சொன்ன கதைக்கு வரலாம். பிரித்தானிய அரசுடைமைப் பொருள்களில் மூன்று கோடுகள் ஓரிடத்தில் கூடும் அம்புக்குறி ஒன்று பொறிக்கப்படுவது நெடுங்கால வழக்கம். இராணுவத்துக்கு வழங்கிய கைக்கடிகாரங்களிலும் அது இருக்கும். அவற்றுள் மிகவும் பேசப்படுவது பின்மூடியில் டபிள்யூ. டபிள்யூ. டபிள்யூ. என்று பொறித்த வகை. கைக்கு அணியும், நீர் புகாத கடிகாரம் என்ற பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. ஒமேகா, லொஞ்சின், சைமா, ரெக்கோர்ட், வேர்டெக்ஸ், கிரானா உள்ளிட்ட பன்னிரண்டு சுவிஸ் தயாரிப்புகள் இதில் அடங்கும். கறுப்பு டயல், ஒளிரும் எண்கள், ஆறு மணியில் சிறு செக்கன் வட்டம், டயலிலும் பின்மூடியிலும் அம்புக்குறி என்பது இவற்றின் பொதுத் தோற்றம்.

இவை ஒப்படைக்கப்பட்டது 1945இல். ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியது 1942 ஏப்ரல் 9இல். ஆகவே இந்த மூன்றெழுத்துக் கடிகாரத்தைக் காட்டி, "குண்டு விழேக்க துரையின்ர கையில இருந்தது" என்று யாராவது சொன்னால், கடிகாரம் அசலாக இருக்கலாம், கதை அசலாக இருக்க முடியாது. இரண்டையும் பிரித்து மதிப்பிடப் பழக வேண்டும். மேலும் இந்த வகை முதன்மையாகத் தரைப்படையினருக்கு வழங்கியது. கடற்படையின் கடிகாரங்களையும் காலமானிகளையும் பராமரித்தது நீரளவைத் திணைக்களம், அதன் குறி 'எச். எஸ்.' என்ற எழுத்துகளும் அம்பும். குறி எதுவும் இல்லாத கடிகாரத்தை அதிகாரி ஒருவர் தன் சொந்தப் பணத்தில் வாங்கி அணிந்திருக்கலாம். ஆனால் அதைக் கடற்படை மணிக்கூடு என்று கூடுதல் விலைக்கு விற்க எந்தப் பாகமும் சாட்சி சொல்லாது.

அம்புக்குறியைப் பின்னாளில் பொறிப்பதும் எளிது. உண்மையான பொறிப்பு கேஸுடன் சேர்ந்தே தேய்ந்திருக்கும்: பள்ளத்தின் விளிம்புகள் உருண்டு, உள்ளே பல ஆண்டு அழுக்கு இறுகி, மேலோடிய கீறல்கள் பொறிப்பையும் கடந்து செல்லும். சுற்றிலும் கேஸ் மழுங்கியிருக்க, அம்பின் விளிம்பு மட்டும் விரலில் தட்டுப்படும் அளவுக்குக் கூர்மையாகவும், பழைய கீறல்கள் அம்பின் ஓரத்தில் வந்து வெட்டுப்பட்டும் நின்றால், அம்பு கீறலுக்குப் பிந்தியது.

ஒரு விதிவிலக்கை இங்கே சொல்லியாக வேண்டும். போருக்குப் பின் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு இவற்றுள் சிலவற்றின் ரேடிய டயலை நீக்கிவிட்டு, வட்டத்துக்குள் 'டீ' எழுத்து இட்ட ட்ரிட்டிய டயலைப் பொருத்தியது. 1945ஆம் ஆண்டுக் கேஸில் 1960கள் காலத்து டயல் இருப்பது இந்த இடத்தில் முரண்பாடு அன்று. அது இராணுவமே செய்த பதிலீடு. பொருத்தமின்மை கண்டவுடன் போலி என்று கூவாமல் காரணம் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மத்திய கிழக்கிலிருந்து வந்தவை

நம் வீடுகளில் உண்மையில் அதிகம் கிடப்பது கடற்படைக் கடிகாரங்கள் அல்ல. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டு, மத்திய கிழக்கு வேலைவாய்ப்பும் பெருகிய பின் வந்து சேர்ந்த சைக்கோ, சிட்டிசன், ஓரியன்ட் வகைகள்தான். இவற்றைச் சரிபார்ப்பது சுவிஸ் கடிகாரத்தைவிட எளிது. சைக்கோவின் பின்மூடியில் கலிபர் எண்ணும் கேஸ் எண்ணும் ஒரு சிறு கோட்டால் பிரிக்கப்பட்டிருக்கும்; டயலின் கீழ்விளிம்பில் நுண்ணிய எழுத்தில் அதே கலிபர் எண்ணுடன் டயலின் எண் இருக்கும்; மெஷினிலும் கலிபர் பொறிக்கப்பட்டிருக்கும். மூன்றிலும் முதல் நான்கு இலக்கங்கள் ஒத்துப்போக வேண்டும்.

பின்மூடியின் ஆறு இலக்கத் தொடரெண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகியவற்றுக்கு அவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் வரும். 6309 என்ற கலிபரும், தொடரெண்ணின் தொடக்கத்தில் 9 என்ற இலக்கமும் அதையடுத்து 'என்' எழுத்தும் இருந்தால் அது 1979 நவம்பர். 1989 ஆகாது, ஏனெனில் 1976 அளவில் வந்த அந்தக் கலிபரின் உற்பத்தி அதற்குள் முடிந்துவிட்டது. எண்கள் ஒத்துப்போகாத சைக்கோக்கள் மலிவாக நிறையக் கிடைக்கின்றன. அணிவதற்கு வாங்கலாம், சேகரிப்பதற்கு வேண்டாம்.

தீர்ப்பை எப்படி எழுதுவது

இவ்வளவும் பார்த்த பின் 'அசல்' என்றோ 'போலி' என்றோ ஒரே சொல்லில் முடிப்பது பார்த்ததை எல்லாம் வீணாக்குவதாகும். பாகம் பாகமாக எழுதுவதே சரி. உதாரணமாக, பெயர் தெரியாத ஒரு சாவிக் கடிகாரத்தைப் பற்றி இப்படி எழுதலாம்: "மெஷின் ஏ. ஷில்ட், 17 கல், இன்காப்லொக் உண்டு. கேஸுக்குள் துணுக்குச் செருகாமல் அமர்கிறது, தண்டு நேராக உள்ளது. கேஸ் குரோம் பூசியது, பின்மூடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உட்புறத்தில் திருத்தியவர் குறி இரண்டு. டயல் மறுபூச்சு; 'சுவிஸ்' எழுத்து இல்லை, செக்கன் வட்டத்தின் வளையங்கள் மூடியுள்ளன. டயல் கால்கள் வெட்டப்படவில்லை. முட்கள் காலத்துக்குப் பொருத்தமானவை. குமிழ் பதிலீடு." இந்தக் குறிப்பைப் படிப்பவருக்கு, கடிகாரம் உண்மையானது, டயல் ஒரு முறை பூசப்பட்டது, கலவை என்று சொல்லக் காரணமில்லை என்பவை ஒரு பெயரின் உதவியும் இன்றி விளங்கிவிடும்.

வீட்டுக் கடிகாரம் ஒன்றை இப்படி எழுதி வைக்கும்போது, யார் வாங்கினார், எங்கே வேலை பார்த்தார், எப்போது வீட்டுக்கு வந்தது என்ற குடும்பக் கதையையும் தனித் தாளில் எழுதி வையுங்கள். பாகங்கள் சொல்வதுடன் அதைக் கலக்க வேண்டாம். கேஸை மெருகிடக் கொடுக்கவும் வேண்டாம், ஏனெனில் மெருகு முதலில் அழிப்பது பொறிப்புகளின் விளிம்பையும் கீறல்களையும்தான்.

வாங்கும் நிலையில் இருப்பவருக்கு ஒன்று மட்டும். பணம் கொடுக்கும் முன் திருத்துபவர் ஒருவரின் மேசையில் பின்மூடியைத் திறந்து பார்க்கக் கேளுங்கள். சில பழைய நீர்புகாக் கேஸ்கள் தனிக் கருவி இல்லாமல் திறவா என்பதால், விற்பவர் தயங்குவதற்கு நியாயமான காரணமும் இருக்கக்கூடும். அப்போது திறக்கக்கூடிய கடைக்கு அவரையே அழைத்துச் செல்லலாம், கூலியை நீங்கள் கொடுக்கலாம். அதற்கும் சம்மதிக்காவிட்டால், கேஸுக்கும் பட்டிக்கும் என்ன பெறுமதியோ அதற்கு மேல் ஒரு ரூபாயும் பேச வேண்டாம்.